பதினான்காம் எண்

ஃப்ரீசர் பெட்டியின் கண்ணாடிக்குக் கீழே
விசில் இல்லாமல் படுத்திருந்தார் முனிரத்தினம்.
கழுத்தில் ரோஜா மாலை.
அந்த இடத்தில் எப்போதும் தொங்கும் பழைய ஷூ லேஸை
எவன் கழற்றினான் என்று
கௌதமபுரத்தில் மூன்று பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவரிடம் ஆடியவன் என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது.
மூன்று சீசன். பதினான்காம் எண் ஜெர்சி.
ஒரு நிமிடம்கூடக் கோட்டுக்குள் இறங்கியதில்லை.
தண்ணீர் பாட்டில், எலுமிச்சைத் துண்டு,
அவருடைய வசவு, மூன்றுக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன்.
வசவு தமிழில் வரும். பாராட்டு கன்னடத்தில்.
ரெஃப்ரியிடம் மட்டும் இங்கிலீஷ்,
அதிலும் ‘சார்’ என்ற ஒரே சொல்,
பதினேழு விதமாக.

ஒரு செமிஃபைனல், எண்பத்தெட்டாவது நிமிடம்.
“டேய் பதினாலு, ஒடம்ப சூடு பண்ணு.”
கோட்டோரமாக ஓடினேன்.
ஜெர்சியை உள்ளே செருகினேன், வெளியே எடுத்தேன்,
மறுபடி செருகினேன்.
பந்து வெளியே போகவேயில்லை.
கடைசி விசில் ஊதியபோது
சூடான உடம்போடு நின்றுகொண்டிருந்தேன்.
அவர் எதுவும் சொல்லவில்லை.
நான் மன்னிக்கவில்லை.
அப்புறம் பெஸ்காமில் லைன்மேன் வேலை, ஏணி, கல்யாணம்.

எங்களுக்கு ஊன்றிய கோல்கம்பம் கிடையாது.
ஊன்றினால் கார்ப்பரேஷன் பிடுங்கும்,
இல்லாவிட்டால் இரவோடு இரவாக இரும்புக்கடைக்குப் போகும்.
அவர் வீட்டுச் சந்தில் சங்கிலி போட்டுக் கிடக்கும்.
காலை ஐந்தரைக்கு ஆறு பேர் தூக்குவோம்.
எதிரே ஒரு சைக்கிள் வந்தால் சுவரோடு ஒட்ட வேண்டிய சந்து.
மாரியம்மன் கோயில் முனையில் ஒரு திருப்பம்,
குழாயடியில் இன்னொன்று.
“முன்னாடி தணி. பின்னாடி ஏத்து.
வலது நில்லு. இடது சுத்து.”
எந்தக் கதவிலாவது இடித்தால் அன்று பயிற்சி இல்லை.
அந்தக் கதவுக்குப் பெயின்ட்.
பச்சை, நீலம், மறுபடி பச்சை என்று
பாதித் தெரு எங்கள் தப்பால்தான் பளபளத்தது.

மூன்று மணிக்குத் தமட்டையைச் சூடேற்றச்
சந்தில் பேப்பர் எரித்தார்கள்.
வண்டி மெயின் ரோட்டைத் தாண்டி உள்ளே வராது.
பாடையை ஆறு பேர் எடுத்தார்கள்.
டைட்டஸ், நூருல்லா, குலசேகர், எல்லாம் முதல் பதினொன்று.
நான் பின்னால் நடந்தேன்.
பழக்கம்.

கோயில் முனை வந்தது.
யாரும் வாய் திறக்கவில்லை.
முன்தோள்கள் தணிந்தன.
பின்னால் கைகள் ஏறின.
வலது நின்றது, இடது சுற்றியது.
நாற்பத்தைந்து வயது வயிறுகள், வழுக்கைகள், பைபாஸ் தழும்பு ஒன்று,
எல்லாம் ஐந்தரை மணிக்குப் போய்விட்டன.
ஒரு கதவிலும் படாமல் திரும்பினார் முனிரத்தினம்.

குழாயடிக்குப் பத்தடி முன்னால்
குலசேகருக்கு முழங்கால் மடங்கியது. பழைய லிகமென்ட்.
தலையைத் திருப்பிக் கூட்டத்தைப் பார்த்தான்.
ஐநூறு பேர் இருந்தோம்.
ஒரு விரலால் காற்றில் வட்டம் போட்டான்.
ஆள் மாற்று.
“பதினாலு!”

சட்டையை உள்ளே செருகிக்கொண்டேன், எதற்கென்று தெரியாது.
அவன் தோள் விலகி என் தோள் நுழைவதற்குள்
அரை நொடி மூங்கில் அந்தரத்தில் நின்றது.
பிறகு எடை இறங்கியது.
கோல்கம்பத்தைவிடக் குறைவு.
சர்க்கரை தின்றது போக மிச்சம்.

இடது பின்பக்கம். நான் கேட்ட இடம் இல்லை அது.
குழாயடித் திருப்பத்தில் சுற்ற வேண்டியவன் நான்தான்.
சுற்றினேன்.

மெயின் ரோட்டில் வண்டிக்காரன்
“ஸ்வல்ப ஹிந்தே, ஸ்வல்ப ஹிந்தே” என்று கத்தினான்.
ஏற்றிவிட்டோம்.
தோளில் சாமந்தி இதழ் ஒட்டியிருந்தது, தட்டிவிட்டேன்.

நாளை ஞாயிறு.
சங்கிலிச் சாவி எங்கே என்று அவர் மனைவிக்கே தெரியவில்லையாம்.
என் ஸ்கூட்டர் டிக்கியில் கட்டர் இருக்கிறது,
ஐந்தரைக்கு வருகிறேன் என்றேன்.
இன்னும் ஐந்து பேர் வேண்டும்.