பதினெட்டு எழுத்து

வெள்ளிக்கிழமை இரவு, வில்ஃப் தூங்கிய பிறகு
டோரீனுக்குப் பணம் அனுப்புகிறேன்.
நூற்று முப்பத்தைந்து பவுண்ட்.
எதற்காக என்று வங்கி கேட்கிறது.
பதினெட்டு எழுத்துக்குள் சொல்லியாக வேண்டும்.

முதல் வாரம் வழக்கம்போல்
'வில்ஃப், 3 நாள்' என்று அடித்துவிட்டேன்.
அனுப்பிய பின்தான் உறைத்தது:
அவன் ஒரு நாளும் போகவில்லை.

டோரீன் கதவைச் சாத்தவில்லை.
கிரிம்ஸ்பி ஆஸ்பத்திரியில் துணி வெளுப்பவளின் இரட்டையர்
இன்னும் அங்கேதான் சாப்பிடுகிறார்கள், தூங்குகிறார்கள்.
நிறுத்திக்கொண்டது நாங்கள்.
வில்ஃபுக்கு இழுப்பு.
போன நவம்பரில் இரண்டு இரவு
அவன் முகத்தைவிடப் பெரிய முகமூடிக்குள் புகை குடித்தான்.
ஒப்பந்தத்தின் ஏழாவது பிரிவில் குழப்பமே இல்லை:
பெற்றோர் தாமாக நிறுத்தினால் முழுக் கட்டணம்.
கையெழுத்துப் போட்ட அன்று
சளியையும் ஸ்பெயின் பயணத்தையும்தான் நினைத்துக்கொண்டோம்.

கேலமுக்கு மீன் கிடங்கில் இப்போது
வாரம் இரண்டே ஷிப்டு.
"வராத பிள்ளைக்கு யாராவது கூலி கொடுப்பார்களா?"
சத்தம் போடவில்லை, மின்சார பில்லை
நான்காக, எட்டாக மடித்துக்கொண்டே கேட்டான்.
என்னிடம் பதில் இல்லை.
வாடகை கட்ட முடியாதவர்களோடு
பகல் முழுக்க கவுன்சில் தொலைபேசியில் பேசிய வாய்.
மேஜைக்கடியில் வில்ஃப்
என் இடது காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

மதியத் தூக்கம் மட்டும் வரவேயில்லை அவனுக்கு.
பதினோரு நாள்.
பன்னிரண்டாம் நாள் வெட்கத்தை விட்டு அவளை அழைத்தேன்.
"முதுகைத் தட்டாதே கண்ணு.
காதுக்குப் பின்னால் ஒரு விரல், மேலிருந்து கீழே.
ரேடியோவில் கப்பல்காரர்களுக்கு
கடல் நிலவரம் வாசிப்பார்களே, அதுபோல முணுமுணு."
டாகர், என்றேன். ஃபிஷர். ஜெர்மன் பைட்.
தென்மேற்குக் காற்று, நான்கு, சில இடங்களில் ஐந்து.
ஹம்பர் வருவதற்குள் தூங்கிவிட்டான்.

ஒன்றரை வருடமாக
என் பிள்ளையின் காதுக்குப் பின்னால்
இப்படியோர் இடம் இருந்திருக்கிறது.
பாத்திரம் கழுவப் போனேன்.
கழுவி வைத்ததையே மறுபடி கழுவினேன்.

அந்த வெள்ளி, கட்டத்தில் 'காது' என்று போட்டேன்.
அழித்தேன்.
'தூக்கம்' என்று போட்டு அனுப்பினேன்.

மே மாதம் பாய்லர் செத்துப்போய்
ஒரு வாரம் தவறியது.
அவள் கேட்கவில்லை.
சனி, ஞாயிறு, கேட்கவேயில்லை.
திங்கள் காலை ஒரு படம் வந்தது:
அவள் வீட்டு நடையில், பிள்ளைகள் உயரத்தில் ஐந்து கொக்கி,
பேரிக்காய் ஒட்டிய கொக்கியில் வில்ஃபின் மஞ்சள் மழைக்கோட்டு.
'சின்னதாகியிருக்குமே, அனுப்பவா?'

அன்பா, கணக்கா,
வேறொரு பிள்ளைக்கு அந்தக் கொக்கி தேவையா,
நாலு வார்த்தையை நாற்பது முறை வாசித்தேன்.
கேலம் தோள்வழியே எட்டிப் பார்த்தான்.
ஒன்றும் சொல்லாமல் தன் போனை எடுத்து
இரண்டு வாரத்துக்கும் சேர்த்து அனுப்பினான்.
எதற்காக என்ற இடத்தில் அவன் எழுதியது:
'கொக்கி'.

ஜூனில் ஒருநாள் அவள் தெரு வழியாக நடந்தோம்.
ஜன்னலுக்கு அந்தப் பக்கம் டோரீன்,
இரட்டையரில் ஒருத்தி இடுப்பில்.
கையாட்டினாள். வில்ஃப் என் காலுக்குப் பின்னால் போனான்.
அவள் முகம் ஒரு கணம் என்னவோ ஆகி, திரும்பி வந்தது.
பிறகு தன் காதுக்குப் பின்னால்
ஒரு விரலை மேலிருந்து கீழே இழுத்துக் காட்டினாள்.
அவன் கொட்டாவி விட்டான்.
தெருவில் நின்று இருவரும் சிரித்தோம்,
நடுவில் கண்ணாடி.

இன்றும் வெள்ளி.
தொகையைப் போட்டாயிற்று.
கட்டத்துக்குள் கோடு கண்சிமிட்டிக்கொண்டிருக்கிறது,
பதினெட்டும் காலி.
மாடியில் ஓர் இருமல்.
விரலை எடுத்துவிட்டு
இரண்டாவதுக்காகக் காத்திருக்கிறேன்.
வரவில்லை.
இன்னும் கொஞ்சம் காத்திருக்கிறேன்.