குளிர்தான் காரணம்

ஏரி உறைந்த மறுநாள்
கடைக்கு வந்தாள் ஆர்லிஸ் காங்கஸ்,
பள்ளியில் எனக்கு ஒரு வகுப்பு மேலே படித்தவள்.
பூட்ஸில் ஒட்டியிருந்த பனி கரைந்து
தரையில் குளம் கட்டுவதற்குள்
"ஸ்கேனர் ஒன்று வேண்டும்" என்றாள்.

எனக்குப் பிடித்த பேச்சு.
ஆணியும் தூண்டிலும் விற்கிற இந்தக் கடையில்
பின்சுவர் அலமாரி மட்டும் என் ராஜ்ஜியம்.
மூன்றை எடுத்து
கண்ணாடி மேசையில் வைத்தேன்.

இது நூற்றுப் பத்து டாலர்.
பழைய அனலாக் மட்டும்தான் பிடிக்கும்.
நம்மூர்த் தீயணைப்பு வண்டிகளுக்கு அது போதும்;
பனி வாரும் லாரிக்காரர்கள்
ஒருவரையொருவர் வைவது இலவசம்.

இது நானூறு.
கவுன்ட்டி ஆம்புலன்ஸ் டிஜிட்டலுக்கு மாறியதே,
இப்போது ஒரே பேச்சு
அலைவரிசை விட்டு அலைவரிசை தாவுகிறது.
இது வாலைப் பிடித்துக்கொண்டே பின்னால் ஓடும்.

இது அறுநூற்றைம்பது.
அஞ்சல் எண்ணைத் தட்டினால்
எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறோம் என்று
தானே தெரிந்துகொள்ளும்.
பொய் சொல்ல மாட்டேன், ஆர்லிஸ்:
ஷெரிஃப் ஆட்களின் பேச்சுக்குப் பூட்டுப் போட்டாயிற்று.
அதை எந்தப் பெட்டியும்
எந்த விலைக்கும் திறக்காது.

மீனின் செவுளைப் பார்ப்பவள்போல்
மூன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
விலைச்சீட்டைப் பார்க்கவில்லை.
ஆன்டெனாவைத் தொடவில்லை.
"காதில் மாட்டிக்கொள்ள
இதில் எதற்குத் துளை இருக்கிறது?"

எல்லாவற்றுக்கும், என்றேன்.

"அப்படியானால் சின்னது.
தலையணைக்கு அடியில் போகிற மாதிரி."

பணத்தை எண்ணி வைத்துவிட்டு
கையுறையை மாட்டியபடி
கதவைப் பார்த்துச் சொன்னாள்:

ரெய்னோவுக்கு அக்டோபரில் முழங்காலை மாற்றினார்கள்.
முப்பத்தொரு வருடத் தொப்பியைத்
திருப்பிக் கொடுத்துவிட்டான், பேஜரையும்.
பேஜர் போனபின் வீட்டுக்குக் காது போய்விட்டது.
யார் கொட்டகை எரிகிறது,
யார் வளைவில் கவிழ்ந்து கிடக்கிறார்,
தெரியாமல் எனக்குத் தூக்கம் வருவதில்லை.
அவனுக்குக் கேட்டாலோ
அந்தக் காலோடு எழுந்து பூட்ஸைத் தேடுவான்.

பத்து நாளில் திரும்பி வந்தாள்.
பெட்டியை மேசையில் கொஞ்சம் பலமாகவே வைத்தாள்.
"பேட்டரி ஒரு வாரம் வரும் என்றாய்.
ராத்திரி மட்டும்தான் போடுகிறேன்.
மூன்றாம் நாளே உயிரை விடுகிறது."

சோதித்தேன். பழுது ஒன்றுமில்லை.
ஒலித்திருகுதான்
கடைசிவரை திருகியிருந்தது,
முப்பத்தொரு வருடம்
சைரனுக்குக் கீழே உட்கார்ந்த காது
திருகி வைக்கும் இடத்தில்.

அவள் பகலெல்லாம்
பள்ளிச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசிக்கிறாள்.
அந்நேரம் வீட்டில் யார் இருப்பதென்று
ஊருக்கே தெரியும்.
போதாததற்கு, நேற்று
கைத்தடி ஊன்றி ரெய்னோ வந்திருந்தான்.
எட்டு பேட்டரி வாங்கினான்.
எதற்கு என்று நான் கேட்கவே இல்லை.
"டார்ச்சுக்கு" என்றான்.

பெட்டியை அவள் பக்கம் தள்ளினேன்.
குளிர்தான் காரணம், என்றேன்.
குளிரில் பேட்டரி நிற்காது.

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு.
எனக்குச் சாட்சி சொல்ல
ஜன்னல்வரை வந்து நின்றது பனி.
தலையணைக்கு அடியில் என்ன குளிர்
என்று அவள் கேட்கவில்லை.
என் முகத்தையே சற்று நேரம் பார்த்தாள்,
மூன்று பெட்டிகளை அன்று பார்த்த மாதிரி.

"பெரிய பாக்கெட்டாகக் கொடு" என்றாள்.
"இருபத்து நாலு இருக்குமே, அது.
டார்ச்சுக்கும் ஆகும்."