இருபத்தெட்டாவது வளைவு

அடிவாரத்தில் பெட்ரோல் போடும்போதே சொல்லிவிட்டான்:
"பாக்கத்தான் போறோம். வாங்க இல்ல."
சரி என்றேன்.
பையில் பழைய துண்டு ஒன்றை
மடித்து வைத்திருப்பதைச் சொல்லவில்லை.

மாதேஷுக்கு வேலை பெரியாஸ்பத்திரியில்,
நாய்க்கடி ஊசி போடும் அறை.
எட்டு மணிக்கே வரிசை நிற்கும்.
ஐஸ் வண்டிக்காரர், காலேஜ் பிள்ளை,
கன்னத்தில் கடிபட்ட மூன்று வயது.
பூஜ்யம், மூன்று, ஏழு, இருபத்தெட்டு என்று
சீட்டில் தேதி எழுதி எழுதி
வீட்டுக் காலண்டரும் அவனுக்கு அப்படித்தான்.
சிலிண்டர் மாற்றி ஏழாம் நாள்.
என் அம்மா வந்துபோய் இருபத்தெட்டு.

ஹெல்மெட்டுக்குள் இருந்து சண்டை போட்டால்
பாதி வார்த்தையைக் காற்று எடுத்துக்கொள்கிறது.
மீதியை வைத்து யாரும் ஜெயிக்க முடியாது.
மூன்றாவது வளைவில் "முடி" என்றான்.
"முடியுமா, முடியாதா?"
"முடி! சோத்துல, துணில, முடி!"
ஏழாவதில்,
தீபாவளிக்கு ஊருக்குப் போனால் யார் பார்ப்பது என்றான்.
"ஹவுஸ் ஓனரே பாத்துக்கறாராம்!"
கன்னங்குறிச்சி மாடியில் குரங்குத் தொல்லை.
நாய் வருகிறதென்றால்
வாடகையை ஏற்றாமல்கூட விடுவார், அவர் என் கட்சி.

அப்புறம் அவன் எண்ணினானா தெரியவில்லை.
மூக்கை நீட்டி இறங்கிய பஸ்ஸுக்கு ஓரங்கட்டினோம்.
சுவரில் இருந்த குரங்கு எங்களைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.
இருபதோடு முடிந்துவிடுகிற மலை இது.
இருபத்தெட்டாவது வளைவு கிடையாது.

நான் சொல்லாதது இன்னொன்றும் உண்டு.
அவன் நைட் ட்யூட்டி போகிற ராத்திரிகளில்
ஜவ்வரிசிக் கம்பெனிக் கணக்கைத் திறந்து வைத்துக்கொண்டு
தண்ணீர்த்தொட்டி மூடி காற்றில் தட்டுவதைக்
கேட்டுக்கொண்டிருப்பேன்.
மூடிதான். தெரியும்.
தெரிந்தும் விளக்கை அணைப்பதில்லை.
சொன்னால் ட்யூட்டியை மாற்றிக் கேட்பான்,
நாய்க்குச் சரி சொல்ல மாட்டான்.

நாகலூர். காப்பிப்பழம் உரிக்கிற கொட்டகை.
ஆரோக்கியமேரி அக்கா சாக்கை விலக்கினார்.
நான்கு.
அதில் கறுப்பு, என் செருப்பு வாரைத்
தன் ஜென்ம எதிரியாக்கிக்கொண்டது.
"ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லிரு கண்ணு, ஆள் கேக்கறாங்க."
மாதேஷ் கையைப் பின்னால் கட்டியபடி
வாசலிலேயே நின்றான்.
தாய்நாய் வந்து அவன் பேண்ட்டை முகர்ந்தது,
வெகுநேரம்.
எத்தனை பேர் காயத்தை அதில் படித்ததோ.

"சரி, எடுத்துக்க" என்றான்.

இந்தச் சரியை எனக்குத் தெரியும்.
சோபா வாங்கிய சரி.
என் தம்பி கல்யாணத்துக்கு நாலு நாள் லீவு போட்ட சரி.
அதன்மேல் நான் உட்கார்ந்துகொள்ளலாம்,
ஒரு நாய் படுத்துத் தூங்க முடியாது.
துண்டை வெளியே எடுக்கவில்லை.
"போன் பண்றோம்க்கா."

இறக்கத்தில் எஞ்சினுக்குப் பேச்சு குறைவு.
எங்களுக்கும்.
சேலம் கீழே அங்கங்கே விளக்குப் போடத் தொடங்கியிருந்தது.
ஏழாவது வளைவின் பலகையருகே வண்டியை நிறுத்தி
சைடு ஸ்டாண்டு போட்டான், ஹெல்மெட்டைக் கழற்றினான்.
திட்டப்போகிறான் என்று நினைத்தேன்.

"அந்தச் செவலைக்குக்
காதுக்குப் பின்னாடி உண்ணி கடிச்சுப் புண்ணாயிருக்கு.
அந்தக்கா பாத்துருக்க மாட்டாங்க."

நானும் பார்க்கவில்லை.
கறுப்பையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வாங்கணும்னு சொல்லல" என்றான் உடனே.
நானும் ஒன்றும் சொல்லலையே என்றேன்.
மேலே பதிமூன்று வளைவு, கீழே ஆறு.
பனி இறங்குது, கிளம்பு என்றேன்.
ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு
அவன் அப்படியே நின்றான்.