கட்டம் எஃப்-17

தீவுகளின் பெயரை வெளியே சொல்லக் கூடாது,
ஒப்பந்தத்தில் நாலாம் பக்கம்.
ஆகவே ஒன்றைக் கோட்டையூர் என்கிறேன்,
மற்றதைப் பள்ளத்தூர்.
அங்கே நடுவில் கடல்.
இங்கே நடுவில் ஒரு பெட்ரோல் பங்க்,
கொஞ்சம் சீமைக் கருவேலம்.

புதுவயலில் ஆலை ராத்திரி ஷிப்ட் ஓடுகிறது.
உமி பறந்து வந்து விசைப்பலகையில் குந்தும்.
நாலு எண் அடித்தால் ஒரு தரம் ஊத வேண்டும்.

சுற்றுலா வரவு, கோட்டையூர்:
நாற்பத்தொரு கோடி டாலர்.
பள்ளத்தூர்: பதினாறு.
பந்தயம் முடிந்தது, படுக்கப் போகலாம்
என்று நினைத்தபோது
தலைக்கு வகுக்கச் சொன்னது அடுத்த வரிசை.
கோட்டையூரில் மூன்று லட்சத்து இருபதாயிரம் தலைகள்.
பள்ளத்தூரில் எண்பதாயிரம்தான்.
ஆளுக்கு இரண்டாயிரம் என்று
பள்ளத்தூர் எழுந்து நின்றது;
கோட்டையூர் ஆயிரத்து இருநூற்றுச் சொச்சத்தில்
கையைக் கட்டிக்கொண்டது.

அதற்கும் அடுத்த வரிசையின் பெயர் ஒழுக்கு.
வந்த நூறில்
வெண்ணெய் வாங்க, ஒயின் வாங்க,
குளியல் துண்டு வாங்க,
எங்கேயோ இருக்கும் முதலாளிக்கு அனுப்ப என்று
கப்பலேறித் திரும்பிப் போனது எவ்வளவு?
கோட்டையூரில் ஐம்பத்தைந்து.
பள்ளத்தூரில் எழுபத்திரண்டு.
மிச்சத்தை வகுத்தேன்.
இங்கே ஐந்நூற்று எழுபத்தாறு, அங்கே ஐந்நூற்று அறுபது.
பதினாறு டாலரில்
மறுபடி கோட்டையூர்.
கணக்கைத் திரும்பப் போட்டேன். அதே பதினாறு.

பதினாறு டாலருக்கு ஒரு தீவு
இன்னொரு தீவை என்ன செய்துவிட முடியும்?

எஃப்-17 மட்டும் காலி.
பள்ளத்தூர், புயல் அடித்த வருடம்.
கோயமுத்தூரிலிருந்து வினோதா எழுதுகிறாள்:
முந்தின வருஷத்தையும் பிந்தின வருஷத்தையும் கூட்டி
இரண்டால் வகுத்துப் போடுங்க மேடம்,
வரைபடத்தில் கோடு அறுந்து தெரியுது.
அறுந்ததால்தானே வினோதா, அது அறுந்து தெரிகிறது.
இதை நான் அனுப்பவில்லை.
சரி, பார்க்கிறேன் என்று அனுப்பினேன்.

கடைசி பஸ்ஸில் அமலோற்பவம் வந்தாள்,
என் நாத்தனார்.
கானாடுகாத்தான் பங்களா ஓட்டலில்
ஒன்பது அறைக்குப் படுக்கை விரிக்கிறாள்.
ஓர் அறை ஓர் இரவுக்குப் பதினோராயிரம்.
அவளுக்கு நாள் கூலி நானூற்று ஐம்பது.
நூற்றுக்கு அரைகூடத் தேறவில்லை,
அவளிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும்.

போன மாதம் ஒரு வெள்ளைக்காரர்
இரண்டு நிற உலோகத்தில் ஒரு காசு கொடுத்துப் போனார்.
காரைக்குடி வங்கியில் புரட்டிப் பார்த்துவிட்டு
நோட்டு என்றால் மாற்றலாம்மா,
சில்லறை எடுக்க மாட்டோம் என்றார்கள்.
அது இப்போது
ஆடுகிற என் மேசையின் கால் அடியில் இருக்கிறது.
எந்த நாட்டின் வரவிலும் சேராத காசு.
இந்த இரு தீவுகளின் கணக்கு மொத்தமும்
அதன் மேல்தான் ஆடாமல் நிற்கிறது.

எந்த ஊர் ஜெயிச்சது? என்றாள், செருப்பைக் கழற்றியபடி.
கோட்டையூர். பதினாறு டாலர்.
நமக்கா?
சிரித்தோம். பிறகு காலிக் கட்டத்தைக் காட்டினேன்.
புயல் வருஷம். வரவு எவ்வளவு என்று யாருக்கும் தெரியவில்லை.
சோற்றில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னாள்:
அந்த வருஷம் விரிப்பு ஒண்ணும் காஞ்சிருக்காது.

கம்ப்யூட்டரில்
ஈர விரிப்புக்கு வரிசை கிடையாது.
அவள் தூங்கிய பிறகு
அடிக்குறிப்பில் அடித்தேன்:
தகவல் கிடைக்கவில்லை. பூஜ்யம் என்று கொள்ள வேண்டாம்.
சராசரி என்றும்.

காலையில் வினோதா அழிப்பாள்.
பூஜ்யத்தின் மேல் ஓர் உமி உட்கார்ந்திருந்தது.
ஊதாமல்
சேமித்தேன்.