கல் செய்கிறவன்

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு
சொஹார் சந்தையில் தாத் கரீமிடம்
பன்னிரண்டு ஆட்டுச் சிறுநீரகம் கேட்பவன் நான் ஒருவன்தான்.
"கொழுப்போடு வேண்டும். குழாயை வெட்டாதே."
இரண்டு வருடமாக இதையே சொல்கிறேன்.
எல்லோரும் தூக்கிப் போடச் சொல்வதை
விலை கொடுத்து வாங்குகிறவனை
அவன் கொஞ்சம் கவலையோடு பார்க்கிறான்.

ஆஸ்பத்திரிச் சீட்டில் நான் உபகரண டெக்னீஷியன்.
பயிற்சி நாட்களில் கல் செய்கிறவன்.
பல் டாக்டர்கள் அச்செடுக்கும் மாவு, தண்ணீர்,
அவ்வளவுதான்.
தண்ணீர் கூடினால் லேசர் பட்டதும் தூளாகும்,
குறைந்தால் மாணவருக்கு வியர்க்கும்.
காய்ந்ததைச் சுத்தியலால் தட்டி
கொத்தமல்லி, மிளகு, கொண்டைக்கடலை என்று பிரிப்பேன்.
மில்லிமீட்டரில் எழுதச் சொன்னார்கள்.
டப்பாவின் மேல் எழுதியும் இருக்கிறேன்.

பத்து மணிக்கு ஏழு டாக்டர்கள், ஏழு தட்டுகள்.
முதலில் வழிக்கம்பி. அதன் மேல் உறை. உறைக்குள் ஸ்கோப்.
திரையில் இளஞ்சிவப்புக் குகை,
உப்புநீர் ஓடி ஓடித் தெளிய
என் சமையலறையில் காய்ந்த கல்
அங்கே மாளிகை கட்டினவன் மாதிரி உட்கார்ந்திருக்கிறது.
"நேராக்கு, பிறகு நூலை நுழை," என்கிறார் டாக்டர் மாமரி.
வளைந்த ஸ்கோப்பில் லேசர் நூலை நுழைத்தால் உள்ளே கிழியும்.
அந்த ஓட்டையின் விலை என் மூன்று வருடச் சம்பளம்.
அவர் அதைச் சொல்லும்போது மட்டும்
ஏழு பேரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

புரைமியிலிருந்து வந்த டாக்டர் ருகையாவின் கை வேகம்.
மற்றவர்கள் வாசலில் தடவிக்கொண்டிருக்க
அவர் கல்லைக் கம்பிக்கூடையில் பிடித்துவிட்டார்.
இழுத்தார்.
வரவில்லை.
"விடு," என்றார் மாமரி.
"வருகிறது, வந்துகொண்டிருக்கிறது,"
என்று இன்னும் கொஞ்சம்.

காலுறை கழல்வது போல
குழாய் மொத்தமும் கழன்று கையோடு வந்தது.

ஏசியின் சத்தம் அப்போதுதான் கேட்டது.
ஆடுதானே, என்றார் யாரோ.
ருகையா அதைத் தட்டில் நீளமாக வைத்து
வெகுநேரம் பார்த்தார்.
இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டார்.
இல்லை.
தொழுகை முடிந்து கடை திறக்கும்வரை வண்டியிலேயே இருந்தேன்.
தாத் கரீமிடம் இரண்டு மீந்திருந்தது.
கேட்காமலே குழாயோடு எடுத்து வைத்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மேசையில் ஆடு இல்லை. முனியராஜ்.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான்.
"மேல ஏறினா எறங்க இருவது நிமிசம்ணே,
கக்கூசு அதுக்கும் அங்கிட்டு.
அதான் குடிக்கிறதில்ல."
தண்ணீர் இல்லாமல் ஒரு கல் செய்ய என்னால் முடியாது.
அவன் செய்திருந்தான்.
பதினொரு மில்லிமீட்டர்.

பாதி வழியில் ஸ்கோப் நின்றது. குழாய் இறுகியிருந்தது.
மாமரி பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்,
வாய் திறக்கவில்லை.
ருகையா ஒருமுறை தள்ளினார்,
தள்ளியது என்றுகூடச் சொல்ல முடியாது,
பின்வாங்கினார்.
"ஸ்டென்ட் கொடுங்கள்."

சாயங்காலம் வார்டுக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.
மொழிபெயர்ப்பு என் வேலைச் சீட்டில் இல்லை.
"கல்லு எங்கண்ணே? ஒரு வாட்டி பாத்துக்கிறேன்."
"உள்ளதான் இருக்கு. குழாய் முழுசா இருக்கு.
ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி. அதுவரைக்கும் எரியும்."
அவன் விரல் விட்டு எண்ணினான்,
லீவு, சம்பளப் பிடித்தம், ஃபோர்மேனிடம் இன்னொரு தடவை நிற்பது.
"அப்ப ஒண்ணுமே பண்ணலையா இந்தம்மா?"

என்ன கேட்கிறான் என்று ருகையா என்னைப் பார்த்தார்.
தண்ணீர் கூட்டிச் சொல்லியிருக்கலாம்.
கெட்டியாகவே சொன்னேன்.

அவர் நாற்காலியை இழுத்து
கட்டிலோரம் போட்டு உட்கார்ந்தார்.