பொருள் நான்கு

மே மாதம் இரண்டாம் ஞாயிறு, அயனாவரம்.
ஆராதனை முடிந்து, பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு
அங்கத்தினர் கூட்டம்.
வந்திருந்தோர் நாற்பத்து மூன்று பேர்.
மின்விசிறிகள் ஆறு; ஓடியவை நான்கு.
மினிட்ஸ் எழுதுவது நான்.
எங்கள் சபையில் பெண் பிரசங்கிப்பதில்லை.
எழுதலாம், எண்ணலாம், கை தூக்கலாம்.

பொருள் ஒன்று, சென்ற கூட்டக் குறிப்பு. ஏற்கப்பட்டது.
பொருள் இரண்டு, டிரம்ஸ் சத்தம். ஒத்திவைக்கப்பட்டது,
நான்காவது முறையாக.
பொருள் மூன்று, செல்போனைப் பார்த்துக்கொண்டு
வீட்டிலேயே அப்பம் பிட்டுக்கொள்வது திருவிருந்து ஆகாது.
ஒருமனதாக.

பொருள் நான்கு, கிருபாவதி.
வயது ஐம்பத்தாறு. ஐ.சி.எஃப்பில் ஸ்டோர்ஸ் கிளார்க்.
நாசரேத்தில், பிறந்த நாற்பதாம் நாள்,
லேஸ் கவுனில் நெற்றிக்கு மூன்று சொட்டு வாங்கியவர்.
அது கணக்கில் சேராது என்பது நம் நிலைப்பாடு.
விசுவாசிக்கத் தெரிந்த பிறகுதான் தண்ணீர்.
முழுதாய்த் தண்ணீர்.

தண்ணீர்தான் இல்லை.
மெட்ரோ வாட்டர் வந்து ஒன்பது நாள்.
பிரசங்க மேடைப் பலகையைப் பெயர்த்தால்
அடியில் பச்சை டைல்ஸ் தொட்டி,
நாலாயிரம் லிட்டர். உள்ளே
ஒரு செத்த பல்லி, போன கிறிஸ்துமஸின் ஜரிகை.

ஜாப்ஸன் எழுந்தான். சாஃப்ட்வேர்க்காரன், சுருக்கமாய்ப் பேசுவான்.
"வாசல்ல எழுபது குடம் வரிசையில நிக்குது.
நாம நாலாயிரம் லிட்டர்ல ஒருத்தரை முக்கி எடுக்கப் போறோம்.
ஒரு செம்பு தலையில ஊத்தினா ஆண்டவர் வேணாம்பாரா?"
பின்வரிசையில் யாரோ ஆமென் சொல்லி
இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

டீக்கன் அருமைநாயகம் எழ நேரமானது. முழங்கால்.
"தம்பி, கல்லறைக்குப் போயிருக்கியா?
ஆளுக்கு ஒரு பிடி மண்ணு போடுவோம்.
அதோட வீட்டுக்கு வந்துடறமா?
குழிய மூடிட்டுத்தான வர்றோம்.
இதுவும் அடக்கம்தான். அரை அடக்கம்னு ஒண்ணு கிடையாது.
வேதத்த வறட்சிக்குத் தகுந்தாப்புல வாசிச்சா
வெள்ளத்துல என்னன்னு வாசிப்ப?"

வெள்ளம் என்றதும் எல்லோரும் ஒரு கணம் சுவரைப் பார்த்தோம்.
இரண்டாயிரத்துப் பதினைந்தின் கோடு
ஜன்னல் விளிம்புக்கு ஒரு சாண் மேலே,
மூன்று பூச்சு சுண்ணாம்புக்கும் அடங்காமல்.

பாஸ்டர் கிருபாவதியைப் பேசச் சொன்னார்.
அவர் கைக்குட்டையை நாலாய், எட்டாய் மடித்தார்.
"எங்க அண்ணன் போன்ல கேட்டார்,
எங்களத் தலைமுழுகப் போறியான்னு.
இல்லண்ணே, தலை முழுகத்தான் போறேன்னேன்.
ரெண்டுக்கும் ஒரே வார்த்தையா இருக்கு, நான் என்ன செய்ய.
மழை வர்ற வரைக்கும் காத்திருன்னாலும் இருப்பேன்.
செம்பு மட்டும் வேண்டாம்.
அது ஏற்கெனவே ஆச்சு."

இதை அப்படியே எழுதினேன்.
மினிட்ஸில் அப்படியே எழுதும் வழக்கமில்லை.

ஆதரவு இருபத்தொன்பது. எதிர்ப்பு பதினொன்று.
கை தூக்காதவர் மூவர். அதில் ஒருத்தி
எண்ணிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை விடியலில் லாரி வந்தது.
மூவாயிரத்து அறுநூறு ரூபாய், ரசீது இணைக்கப்பட்டுள்ளது.
ஓஸ் பைப் சபைக்குள் நுழைவதைக்
குடங்களின் வரிசை பார்த்துக்கொண்டிருந்தது.
நான் லாரியின் நம்பரைக் குறித்துக்கொண்டேன்,
எங்காவது பார்க்க வேண்டுமே.

ஞாயிறு. வெள்ளை அங்கி, ஓரத்தில் ஈயக் குண்டு தைத்தது.
பாஸ்டரின் கை முதுகில்.
கிருபாவதி மூக்கைப் பொத்தவில்லை.
தண்ணீர் மூடிக்கொண்டது.
நரைத்த முடி ஒரு கற்றை மட்டும் மேலே மிதந்தது.
பாஸ்டர் உள்ளங்கையால் அதையும் அழுத்தினார்.

பிறகு ஒரு மூச்சு. கடைசி பெஞ்சு வரை கேட்டது.

பாட்டு முடியுமுன்பே
டீக்கன் அருமைநாயகம் வேட்டியை மடித்துக் கட்டி
பக்கக் கதவைத் திறந்தார்.
"வாங்கம்மா. குடிக்க ஆகாது, துவைக்கக் கழுவ ஆகும்."
அந்த முழங்காலோடு வாளி வாளியாக மொண்டார்.
ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் தனபாக்கியம்
குடத்தை நீட்டாமல் நின்றாள்.
"தீர்த்தமா ஐயா? எங்களுக்கு ஊத்தலாமா?"
"தீர்த்தமெல்லாம் இல்ல.
இதுல ஒண்ணுமே கிடையாது தாயி. லாரித் தண்ணி."

இது நம் விசுவாச அறிக்கையிலும் உண்டு,
இவ்வளவு தெளிவாக இல்லை.

ஜாப்ஸன் இரண்டாவது வாளியை எடுத்தான்.

தொட்டி காலியாக மதியம் ஆனது.
அடியில் ஒரு கொண்டை ஊசி.
கேட்டேன், யாரும் தனதென்று சொல்லவில்லை.
மினிட்ஸ் நோட்டில், அந்தப் பக்கத்தில் செருகினேன்.
துரு பொருள் மூன்று வரை வந்துவிட்டது.