வவுச்சர் இல்லாத வரவு

கோயில் பேரேட்டின் முதல் பக்கத்தில்
சுழிக்குக் கீழே
'பிள்ளையார் வரவு ரூ. 1' என்றிருந்தது.
ரசீது எங்கே என்றேன்.
கணக்குப்பிள்ளை சாத்தையா
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"அதுக்கு ரசீது கிடையாதுங்க.
முதல் வரியில பத்து எழுதக் கூடாதுல்ல."
கொடுத்தது யார்?
"யாரும் கொடுக்கல."
அப்படியானால் ரொக்கத்தில் ஒரு ரூபாய் உதைக்குமே.
"எண்ணிப் பாருங்க."

எண்ணினேன். மூன்று தரம்.
உதைக்கவில்லை.
அவர் சட்டைப்பையைப் பார்த்தேன்.
கேட்கவில்லை.

முப்பத்தோரு வருஷமாக
கண்ணால் கண்டதற்கு மட்டும்
பச்சை மசியில் டிக் போடுகிறவன் நான்.
ஊருணி தூர்வாரிய செலவென்றால்
ஊருணிக்கே போய் நிற்பேன்,
கரையில் சேறு காய்ந்திருக்கிறதா என்று.
கடவுளையும் அந்த வரிசையில்தான் வைத்திருந்தேன்:
ஆதாரம் கேட்கப்பட்டது,
பதில் வரவில்லை.
இல்லை என்று எழுதியதில்லை.
எழுத அதற்கும் ஒரு தாள் வேண்டும்.

அன்று சட்டியும் சதயமும் கூடிய நாள்.
தேவகோட்டை வீட்டில் பதினோரு புள்ளியும் கூடியிருந்தது.
இரண்டாங்கட்டில் கிழக்கு அறை யாருக்கு என்று
தேனப்பனும் நானும்
சார்பு நீதிமன்றத்தில் ஒன்பதாம் வருஷம்.
பங்கு எழுதிய முறியை
அவன் காட்டவே மாட்டேன் என்கிறான்.
கரையான் தின்றதாம்.
அவன் வாய்ச்சொல்லை எப்படி நம்புவது என்று
நானே கூண்டில் ஏறிக் கேட்டிருக்கிறேன்.

பொரி ஐந்து வகை, ஆவாரம்பூ,
நடுவீட்டில் கோலம்.
வந்தவர்களில் மூத்தவன் அவன்.
இழை எடுத்துக் கொடுக்கிற கை இந்த வருஷம் அவன் கை.

நோன்புக் கோடியில் தினம் ஒன்றாய் உருவிய
இருபத்தோரு நூல், ஒரு திரியாய்.
வெல்லமும் நெய்யும் பிசைந்த மாவில்
நட்டு, பொருத்தி,
சுடர் ஆட ஆட என் முகத்துக்கு நேரே நீட்டினான்.
அவன் மீசையில் நெய்.
நாங்கள் பேசி நாலு வருஷம்.

வாயைத் திறந்தேன்.

வாய் மூடினால் காற்றில்லை, தீ அணையும்.
எட்டாம் வகுப்புப் பாடம்.
ஆனால் திறந்தபோது
அந்தப் பாடம் நினைவில் இல்லை.
முறியும் இல்லை. கரையானும் இல்லை.

ஜூரோங்கிலிருந்து மீனாள் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"சுட்டுச்சாப்பா?"
இல்லை.
"சுடாதுன்னு எப்படித் தெரியும்?"
ஐம்பது வருஷமாகச் சுடவில்லையே.
"சரி, அப்ப ஆதாரம் இருக்கு.
முதல் வருஷம்?"

முதல் வருஷம் எனக்கு நாலு வயது.
பிள்ளையாரைப் பற்றி ஒன்றும் தெரியாது,
தும்பிக்கையைத் தவிர.
அறியாப் பிள்ளை நாலு வயதில் எதையும் விழுங்கும்,
கோலிக்குண்டைக்கூட.
அதற்கு நம்பிக்கை என்று பெயர் வைக்கலாமா?
ஐம்பத்தைந்தில்,
எதிராளியின் கையிலிருந்து விழுங்கியதற்கு
வேறு என்ன பெயர்?
"லைன் சரியில்லம்மா" என்றேன்.
சரியாகத்தான் இருந்தது.

தேனப்பன் அடுத்த இழையைப் பொருத்திக்கொண்டிருந்தான்.
அவனுக்குக் கொடுக்க மூத்தவர் யாரும் இல்லை.
தன் கையாலேயே எடுத்து
கண்ணை மூடிக்கொண்டு போட்டுக்கொண்டான்.
நான் மூடவில்லை என்பது
அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் காலை பேரேட்டைத் திறந்தேன்.
அந்த ஒரு ரூபாய்க்கு எதிரே
பென்சிலில் நான் போட்ட கேள்விக்குறி.
ரப்பர் மேசையில்தான் இருந்தது.
பச்சைப் பேனாவும்.
இரண்டையும் தொடாமல் பக்கத்தைத் திருப்பினேன்.
கீழுதட்டில் வெல்லம் ஒட்டிய இடம்
லேசாக எரிந்தது.

அடுத்த வாய்தா ஜனவரி இருபத்திமூன்று.
முறியைக் கேட்பேன்.
விடமாட்டேன்.